அசையாத புயல்

சிற்பி ஆனந்தகுமார் செய்த சுழலும் சிற்பத்தின் பெயர் 'புயல்'. அடையாறு கண்காட்சியில் சிறப்பு விருந்தினர் சுவிட்சைப் போட்டார். அது அசையவே இல்லை.

ஆனந்தகுமாருக்கு வியர்த்தது. நேற்றுகூட நன்றாகச் சுற்றியதே!

"புயலுக்கு முந்தின அமைதி! என்னா கற்பனை சார்!" என்று விமர்சகர் ஒருவர் கைதட்ட, கூட்டமே தட்டியது. நகைக்கடைக்காரர் ஒருவர் அங்கேயே விலை பேசி முடித்தார்.

வீட்டுக்குத் துள்ளிக்கொண்டு வந்தவனுக்கு மனைவி லாவண்யா இட்லி வைத்தாள்.

"வித்துடுச்சு லாவண்யா! ஏன் சுத்தலைன்னுதான் புரியலை."

"முதல்ல சாப்பிடுங்க. தேங்காய்ச் சட்னி எப்படி?"

"பிரமாதம்! ரெண்டு வாரமா இட்லிப்பொடிதானே..." சட்டென்று நிறுத்தினான். "மிக்ஸிதான் புகைஞ்சு போச்சே, எப்படி அரைச்சே?"

"மோட்டாரே இல்லாத மிக்ஸி எப்படிங்க புகையும்? உங்க புயலுக்கு அடியில இருந்ததைக் காலையிலயே கழட்டிட்டு வந்துட்டேன்."