வீணாக்காத தெரு

சனிக்கிழமை காலை ஒன்பது மணி ஆகியும் வாட்டில் சந்தில் ஒரு சத்தம் இல்லை. கிளெனிஸ் தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்று அந்த அமைதியைக் காது குளிரக் கேட்டாள்.

"கேட்டியா மெர்வ்?"

"என்னத்தக் கேட்க? ஒண்ணும் கேட்கலையே" என்றார் உள்ளிருந்து அவள் கணவர்.

"அதைத்தான் சொல்றேன்! முன்னெல்லாம் சனிக்கிழமை ஆனா ஏழு வீட்லயும் புல்லு வெட்டற மெஷின் அலறும். இப்போ பாரு!"

பெருமைப்படக் காரணம் இருந்தது. அவளைப் போன்ற சிக்கனக்காரி அந்த ஊரிலேயே கிடையாது. ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கழுவிக் கொடியில் காயப்போடுவாள். அதைப் பார்த்துத் தெருவே சிரித்திருக்கிறது. போன மாதம் அதே தெருவைத் தன் வீட்டுப் பின்பக்கம் கூட்டிவைத்து, சாசேஜ் சுட்டுப் போட்டு, பேசியே மடக்கிவிட்டாள்.

"வீட்டுக்கு வீடு ஒரு மெஷின். மாசத்துல ரெண்டு மணி நேரம் ஓடுது, மிச்ச நேரமெல்லாம் கொட்டகையில தூங்குது. தெருவுக்கு ஒண்ணு போதாதா? மத்ததையெல்லாம் சர்ச்சுக்காரங்க நடத்துற பழைய சாமான் கடைக்குக் குடுத்துடலாம். இல்லாதவங்க வாங்கிக்கட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். கோடி வீட்டு டக் போன வருஷக் கடைசியில்தான் புது மெஷின் வாங்கியிருந்தார். அதனால் பொது மெஷின் எது என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மறுநாளே கிளெனிஸ் தன் சிவப்பு மெஷினைக் கடையில் இறக்கிவிட்டு, மகளின் பிரசவத்துக்காக அடிலெய்டு போனாள். நேற்று இருட்டிய பிறகுதான் திரும்பியிருந்தாள்.

இன்று மதியம் இரண்டு மணிக்கு நகர மன்றத்திலிருந்து வருகிறார்கள். 'வீணாக்காத தெரு' என்று பொறித்த பித்தளைப் பலகையைச் சந்து முனையில் பதித்துவிட்டு, அவள் வீட்டுப் புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கஞ்சப் பட்டம் சுமந்தவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

புல்வெளி என்றதும்தான் அவள் கண் கீழே போனது. அக்டோபர் மழையைக் குடித்துப் புல் முழங்கால் வரை வளர்ந்து நின்றது.

"மெர்வ்! ஒரு மாசமாவா வெட்டாம விட்டிருக்கே?"

"பொது மெஷின் நம்ம முறைக்கு வரட்டும்னு இருந்தேன்."

"முறை தானா நடந்து வருமா? போய்க் கேட்கறதுக்கு என்ன?"

பக்கத்து வீட்டு ரேலீன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். அவள் வாசலிலும் புல் மண்டிக் கிடந்தது.

"எங்க முறை இன்னும் வரலையே கிளென். எங்களோடதை மறுநாளே கடையில குடுத்தாச்சு. அடுத்த வீட்டு ஸ்டாவ்ரோஸ்கிட்ட இருக்கும், கேளேன்."

ஸ்டாவ்ரோஸ் தக்காளி நாற்றுக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். "வாங்க தலைவி!" என்று பெரிய கும்பிடாகப் போட்டார். "மெஷினா? என்கிட்ட ஏது? கிழவன் முந்திக்கிட்டான்னு பேரு வேண்டாம், கடைசியா வாங்கிக்கலாம்னு இருக்கேன். டக் வீட்ல பாருங்க."

டக் மரே ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போயிருந்தார். கிளெனிஸ் அவருடைய கொட்டகை ஜன்னலில் மூக்கை அழுத்திப் பார்த்தாள். பியர் வைக்கும் பழைய ஃபிரிட்ஜ் இருந்தது, உடைந்த நாற்காலி ஒன்று இருந்தது. மெஷின் மட்டும் இல்லை.

எதிர் வரிசைக்காரர்கள் யாரோ எடுத்துப் போயிருக்க வேண்டும் என்று அங்கேயும் ஓடினாள். இரண்டு வீட்டில் முறை வரவில்லை என்றார்கள். மூன்றாவது வீட்டில் ஆளே இல்லை.

திரும்பி வந்தபோது மணி பதினொன்று. கேமராவும் கையுமாக ஆட்கள் வந்து நிற்க, முழங்கால் புல்லுக்கு நடுவே தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதை நினைத்தாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"கடைக்குப் போய்ப் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துடவா?" என்றார் மெர்வ், பயந்துகொண்டே.

"அதுக்கு என்னைக் கொன்னுடலாம் நீ!"

சட்டென்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தன் சிவப்பு மெஷின் இன்னும் விற்காமல் அந்தப் பழைய சாமான் கடையிலேயே இருந்தால்? ஓடிப்போய் ஃபோனை எடுத்தாள். கடையைப் பார்த்துக்கொள்ளும் ஷெர்லிதான் பேசினாள்.

"ஒரே ஒரு மணி நேரம் இரவல் குடுங்க, துடைச்சுச் சுத்தமா கொண்டாந்து வெச்சுடறேன். வாட்டில் சந்துல இருந்து வந்தது, சிவப்பு கலர்..."

"வாட்டில் சந்தா!" ஷெர்லியின் குரல் குழைந்தது. "உங்க தெருக்காரங்க மனசு யாருக்கு வரும் கண்ணு! ஒரே வாரத்துல ஏழு மெஷின். ஏழும் ஒரே இழுப்புல கிளம்புது. அதுல ஒண்ணு வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல!"

கிளெனிஸ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏழா?" என்றாள். பிறகு, "பரவாயில்ல, அதுல ஏதாவது ஒண்ணு விக்காம இருக்கும்ல?" என்று கேட்டாள்.

"ஒண்ணுகூட விக்கல கண்ணு. இந்த ஊர்ல யாரு வாங்குவா, வீட்டுக்கு ஒண்ணு இருக்கே! இடத்தை அடைக்குதுன்னு நேத்துதான் எல்லாத்தையும் குப்பைக் கிடங்குல கொட்டிட்டு வந்தோம்."