படகுத்துறையில் ஒரு முதுகு

"மாஷே, நீங்க தலையில தூக்கி வச்சு ஆடுற மனுஷன் சரியான தலைக்கனம் பிடிச்சவர்" என்றான் சங்கத்துச் செயலாளர் ஹபீப். "வர்றதுக்கு நிபந்தனை போடுறார். கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வருவாராம். அந்த ஆளுக்கும் மேடையில நாற்காலி போடணுமாம், பொன்னாடை போத்தணுமாம்."

"யார் அந்த ஆள்?"

"யாரோ சாத்துண்ணியாம். இணையத்துல தேடிப் பார்த்துட்டேன். எந்தப் படத்துலயும் பேரே இல்ல."

கோழிக்கோட்டுத் திரைப்படச் சங்கத்தின் முப்பதாம் ஆண்டு விழாவுக்கு நடிகர் திவாகர மேனோனைத்தான் அழைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர், ஓய்வுபெற்ற வாத்தியாரான இந்த அச்சுதன்குட்டி மாஷ்தான்.

காரணம் ஊருக்கே தெரியும். நல்ல நடிப்பு எது என்று யார் பேச்செடுத்தாலும் மாஷ் சுற்றிச் சுற்றி மேனோனின் பழைய படமொன்றில் வரும் படகுத்துறைக் காட்சிக்குத்தான் வந்து சேருவார். மகனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அப்பனுக்குச் செய்தி வருகிறது. அப்பன் கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். முகம் தெரியாது. வசனம் கிடையாது. ஒன்றரை நிமிடம் அந்த முதுகு குலுங்குகிறது. அவ்வளவுதான்.

"கண்ணுல கிளிசரின் விட்டா எவனும் அழுவான். முதுகுல எங்கடா விடுவே?" என்பார் மாஷ். அந்த ஒன்றரை நிமிடத்தைப் பற்றி நாற்பது பக்கத்தில் ஒரு புத்தகமே எழுதியிருந்தார்.

அதை மேனோனிடமே ஒருமுறை நீட்டினார், திருச்சூர் ரயில் நிலையத்தில். அட்டையைப் பார்த்ததும் மேனோன் முகம் சுருங்கியது. "அந்த சீனைப் பத்தி மட்டும் என்கிட்ட பேசாதீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டியில் ஏறிவிட்டார்.

அன்று பட்ட அவமானத்தை மாஷ் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

விழாவன்று மேனோன் கைத்தடியோடு வந்து இறங்கினார். பின்னாலேயே மெலிந்த கிழவர் ஒருவர், மடிப்புக் கலையாத புதுச் சட்டையில். அவர்தான் சாத்துண்ணி. முதலில் வந்த, பால் சேர்க்காத சுலைமானி டீயை மேனோன் அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்ததைத் தான் எடுத்துக்கொண்டார்.

"ஓசியில பொன்னாடை வாங்க ஒரு ஆள்" என்று ஹபீப் மாஷின் காதில் முணுமுணுத்தான்.

படகுத்துறைக் காட்சியைத் திரையில் ஓட்டினார்கள். பிறகு மாஷ் பேசினார்.

"மேனோன் சார் கோவிச்சுக்க மாட்டார்னா ஒண்ணு சொல்றேன். மத்த படத்துல எல்லாம் அவர் நடிச்சார். இதுல நடிக்கல. பிள்ளையப் பறிகொடுத்த அப்பனாவே இருந்தார். அதுக்கப்புறம் அந்த உயரத்தை அவராலயே தொட முடியல."

அரங்கம் கைதட்டியது. மேனோன் மெதுவாக எழுந்து மைக்கை வாங்கினார்.

"மாஷ் சொன்னது சரிதான். என்னால தொட முடியல. ஏன்னா, அது என் முதுகு இல்ல."

மாஷ் தன் புத்தகத்தை நினைத்துக்கொண்டார். நாற்பது பக்கம். மூன்று பதிப்பு. முன்வரிசையில் அவருடைய பழைய மாணவர்கள்.

"அன்னிக்குப் பதினோரு தடவை எடுத்தும் எனக்கு அழுகை வரல" என்றார் மேனோன். "வெளிச்சம் வேற குறைஞ்சிட்டிருந்தது. விளக்குப் பிடிச்சிட்டிருந்த இந்தச் சாத்துண்ணி, டீக்கடைக்குப் போன் வந்திருக்குன்னு சொல்லாம கொள்ளாம ஓடிட்டான். திரும்பி வந்தவன் ஓரமா உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். இயக்குநர் 'இவனை இப்பவே ஊருக்கு அனுப்பு'ன்னு கத்தினார். அனுப்ப வேண்டாம், என் சட்டையை அவனுக்குப் போட்டு அந்த முதுகை எடுங்கன்னேன். அவன் வேலையும் தப்பிச்சது, என் மானமும் தப்பிச்சது."

மேனோன் கைத்தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தான் உயிரோட இருக்கிற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு இயக்குநர் சத்தியம் வாங்கிட்டார். போன மாசம் அவர் காலமாயிட்டார். இனிமே யாராவது அந்த சீனுக்காக என்னைப் பாராட்டினா நான் ஓடி ஒளிய வேண்டாம்."

சொல்லிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். நெடுநாள் பல்வலி விட்டவர் போல முகம் தெளிந்திருந்தது.

பொன்னாடையை எடுத்துக்கொண்டு முதலில் எழுந்தவன் ஹபீப்தான். அவன் போர்த்திவிட்டு நகர்ந்ததும் மாஷ் சாத்துண்ணியின் அருகில் போய்த் தயங்கி நின்றார்.

"அப்போ நான் எழுதினதெல்லாம்…"

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க மாஷே. என் மக எனக்கு மூணு தடவை படிச்சுக் காட்டியிருக்கா. ஒண்ணே ஒண்ணுதான் தப்பு."

மாஷ் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்குப் போன்ல யார் போயிட்டதாச் சொன்னாங்க?"

"யாரும் போகல" என்று சிரித்தார் சாத்துண்ணி. "வீட்டுக்காரி மூணு நாளா மெடிக்கல் காலேஜுல கிடந்தா. ரெண்டு உசுருல ஒண்ணுதான் தங்கும்னு சொல்லியிருந்தாங்க. தாயும் சுகம், பிள்ளையும் சுகம்னு போன் வந்தது. அப்புறம் எனக்கு அழுகை நிக்கவே இல்ல."

மாஷ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க பிள்ளையப் பறிகொடுத்த அப்பன்னு எழுதிட்டீங்க மாஷே. புத்தகத்தைப் படிச்சுக் காட்டினாளே, அவதான் அன்னிக்குப் பொறந்தா."