வெள்ளை மட்டும்

சொட்டு விட்ட பக்கம் நாற்றுகள் பச்சையாகிவிட்டன.

விடாத பக்கம் வெளுத்தே கிடந்தன. முளைத்ததோடு சரி.

அவள் நாற்றுத் தட்டை ஆய்வக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். எத்தனை முறை பார்த்தாலும் இந்த இடத்தில் அவளுக்கு மூச்சு நின்றுவிடும்.

இலைக்குள் இருக்கும் சர்க்கரையை நொதிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, ஆளுக்கொரு சிறு மாற்றம் செய்து, கடைசியில் வைட்டமின் சி ஆக்கிவிடுகின்றன. சத்தமில்லை. அடுப்பில்லை. அந்த வரிசையில் ஒரே ஒரு நொதியைத்தான் அவள் நிறுத்தியிருந்தாள். அதற்கே இந்தப் பாடு; வெளியிலிருந்து வைட்டமின் சி சொட்டு விட்டால்தான் பச்சை.

ஆட்டின் ஈரலும் எலியின் ஈரலும்கூட இதைச் செய்துகொள்ளும். மனிதனுக்குத்தான் துப்பில்லை.

ஜன்னலோர நாற்காலியில் மகள் ஆதிரை உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது. நிற்க முடியாத பிள்ளையைப் பள்ளிக்கு எப்படி அனுப்புவது? ஆய்வகத்துக்கே தூக்கி வந்துவிடுகிறாள்.

காலை ஊன்றினால் அலறல். எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர் எல்லாம் பார்த்தாயிற்று. நேற்று குழந்தைகள் டாக்டர் ஒருவர் ஈறை விரலால் அழுத்தினார். ரத்தம் கசிந்தது.

"பழம், காய் ஏதாச்சும் சாப்பிடுவாளாங்க?"

ஆதிரை வெள்ளையாக இருப்பதை மட்டுமே சாப்பிடுவாள். இட்லி. தயிர்ச் சோறு, தாளிக்காமல். ஒரு கடுகு கண்ணில் பட்டால் போதும், தட்டு பறக்கும்.

நாற்றுக்கு வேளை தவறாமல் சொட்டு விட்டவளுக்கு, வீட்டுப் பிள்ளைக்கும் அதே வைட்டமின் சிதான் குறைகிறது என்று தெரியவில்லை. டாக்டர் முன்னால் அவளுக்கு முகம் எரிந்தது.

அவர் கொடுத்த டானிக் ஆரஞ்சு நிறம்.

இப்போது வீட்டுச் சுவரும் ஆரஞ்சு நிறம்.

அடுத்த சொட்டுக்காக அவள் டப்பாவைத் திறந்து வைட்டமின் சி பொடியைக் கரண்டியில் எடுத்தாள். ஆதிரையின் தலை திரும்பியது. கரண்டியையே பார்த்தாள்.

கை நீண்டது.

வெள்ளை.

அவள் அப்படியே நின்றாள். இத்தனை வருடம் கையில் வைத்திருந்தும் அதன் நிறத்தை அவள் நினைத்துப் பார்த்ததில்லை. அவ்வளவு பச்சைக்குள்ளிருந்து வருவது இவ்வளவு வெள்ளை.

"இது செடிக்குடா தங்கம். உனக்கு அம்மா வேற வாங்கித் தர்றேன்."

டாக்டரிடம் அளவு கேட்டுக்கொண்டாள். மருந்துக் கடையில் நிறம் சேர்க்காத பொடியாகக் கேட்டு வாங்கினாள். தயிர்ச் சோற்றில் போட்டுப் பிசைந்தாள்.

ஆதிரை ஒரு வாய் வாங்கினாள். முகத்தைச் சுளித்தாள்.

அம்மாவுக்கு உயிரே போய்விட்டது.

பிள்ளை மறுபடி வாயைத் திறந்தது.

பிறகு தினமும் தயிர்ச் சோறு.

ஒரு நாள் காலை அவள் புதிய தட்டின் மேல் குனிந்திருந்தாள். இந்தத் தடவை வெளுத்த பக்கத்துக்கும் சொட்டு விட்டிருந்தாள். ஆராய்ச்சிக்கு அது தப்பு. மனசு கேட்கவில்லை.

அந்தப் பக்கமும் ஓர் இலை நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

தட்டின் விளிம்பில் ஒரு சிறு விரல் வந்து நின்றது.

"அம்மா, பச்ச."

அவள் மெல்ல நிமிர்ந்து ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

நாற்காலி காலியாக இருந்தது.