ஏழாவது தியாகியின் கடைசி வார்த்தை

படிவத்தில் அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

'தியாகியின் கடைசி வார்த்தை.'

காலியாக விடக் கூடாது என்பது நினைவு மலர்க்குழுவின் சட்டம்.

மில் வாசல் துப்பாக்கிச்சூட்டுக்கு ஐம்பதாவது ஆண்டு. செத்தவர்கள் ஏழு பேர். மலருக்கு எழுத வந்தவன் வீடு வீடாகப் போய் ஆறு பேருடைய வரலாற்றை எழுதி முடித்திருந்தான். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் ஆறு வீட்டிலும் கையை விரித்தார்கள். அதற்கென்ன, குழுத்தலைவர் ஆவுடையப்பன் இருந்தார். சிவப்பு மையால் 'உழைப்பாளர் வெல்க!' என்று அவரே நிரப்பிக்கொடுத்தார்.

ஆறு பேரும் ஒரே முழக்கத்தோடு விழுந்தார்கள். ஆச்சரியக்குறி உட்பட.

ஏழாவது ஆளான சீனிப்பாண்டியின் தங்கை சண்பகவல்லி மட்டும் கையை விரிக்கவில்லை.

அன்றைக்கு அண்ணனுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோனவள் அவள்தான். பன்னிரண்டு வயது. தூக்குவாளி அண்ணன் கைக்கு மாறிய நேரம் வெடிச்சத்தம். அப்படியே உட்கார்ந்துவிட்டான். வாளியை அவளிடமே திருப்பி நீட்டினான்.

"ஏட்டி, இதப் பிடி. குழம்பு சிந்திரும்."

சொல்லிவிட்டு சண்பகவல்லி, எழுத வந்தவனுடைய பேனாவையே பார்த்தாள்.

"இதையெல்லாம் எழுதுவீகளா?"

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

தலைவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். முகம் கோணியது.

"ஏன்யா, தியாகி பேசுத பேச்சா இது? மலர வெளியிட மந்திரி வாராரு. மேடையில குழம்பையா வாசிக்கச் சொல்லுதே?"

சிவப்புப் பேனாவின் மூடி கழன்றது.

"நீங்களே அடிச்சிருங்க அண்ணாச்சி. எனக்குக் கை வரல."

அடிப்பதற்கு முன் இன்னொரு தரம் படித்தார்.

பேனா தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

நின்றுகொண்டே இருந்தது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார். மேடைக்குரல் வரவில்லை.

"சிந்திருச்சாய்யா?"

அதை அவன் சண்பகவல்லியிடம் கேட்டுக்கொண்டு வரவில்லை.

மறுநாள் சண்பகவல்லியின் ஊருக்குப் போகும் முதல் பேருந்து. அவன் பையில் ஏழு படிவங்கள். ஆறில் அந்தக் கட்டம் வெள்ளை பூசிக் காய்ந்திருந்தது. அந்த ஆறு வீடும் போகிற வழியில்தான்.

ஜன்னலோரம் ஆவுடையப்பன்.

அவர் சட்டைப் பையில் சிவப்புப் பேனாவைக் காணோம்.