மூன்றாம் கவுண்டர்

"ஏம்மா, ஸ்கேன் பண்றியா, இல்ல ஒவ்வொரு சாமானுக்கும் உட்கார்ந்து ஜாதகம் எழுதுறியா?"

வரிசையின் கடைசியில் நின்றபடி பிரேமலா போட்ட சத்தம் தெப்ரா வட்டாரத்தில் இருந்த அந்த சூப்பர்மார்க்கெட்டின் பாதி தூரத்துக்குக் கேட்டது.

மூன்றாம் கவுண்டர்ப் பெண் நிமிரவில்லை. எதையோ கண்ணருகே பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். சட்டையில் 'சமந்தா' என்று பெயர் அட்டை.

"சாரி ஆன்ட்டி, கொஞ்ச நேரம் லா."

"கொஞ்ச நேரமா? பக்கத்துக் கவுண்டர்ல நின்னவங்க வீட்டுக்குப் போய்ச் சமைச்சே முடிச்சிருப்பாங்க!"

முன்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். சமந்தாவின் முகம் சுருங்கிப் போனது.

பிரேமலாவுக்கு அவசரம். மாடியில் கொள்முதல் அதிகாரி மதிவாணன் காத்திருந்தார். அவள் வீட்டில் வறுத்து அரைத்துப் பொட்டலம் போடும் மீன் கறித்தூளை, ஓடுகிறதா பார்ப்போம் என்று கடையில் வைத்திருந்தார்கள். ஓடியிருந்தால் பிழைத்தது. இல்லையென்றால் இன்றோடு சரி. ஒருமுறை எடுத்துவிட்ட சரக்கை அந்தக் கடையில் மறுபடி ஏற்ற மாட்டார்கள்.

பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். 'நீங்க என்ன செய்றீங்க?' என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு அவளிடம் இருந்தது அந்தத் தூள் ஒன்றுதான்.

மாடி ஏறுமுன் ஒரு தண்ணீர் போத்தல் வாங்க நினைத்தவள் இப்படி மாட்டிக்கொண்டாள்.

ஒருவழியாக அவள் முறை வந்தது. போத்தல் ஒரே 'டிங்'கில் முடிந்தது.

"என் சாமானுக்கு மட்டும் கை ஓடுது பார்!"

போகிற போக்கில் சூப்பர்வைசரையும் பிடித்தாள். "அந்த மூணாம் கவுண்டர்ப் பொண்ணு ஆமை மாதிரி வேலை செய்யுது. கல்லாவுல நிறுத்துற ஆளா அது? வேற எங்கயாவது போடுங்க."

மாடியில் மதிவாணன் எடுத்த எடுப்பில் கேட்டார். "மேடம், உங்க பொட்டலத்துல பார்கோட் என்ன கலர்?"

"குங்குமச் சிவப்பு. மொத மொதல்ல வெளிய போற சாமான், கறுப்புக் கோடு வேணாம்னு நான்தான் சொன்னேன். அச்சுக்கடை லிம் அங்கிள் 'பிளாக்தான் நல்லது லா'ன்னு நச்சரிச்சார். 'இது எங்க சகுனம், உங்களுக்குப் புரியாது'ன்னு வாயை அடைச்சேன்."

மதிவாணன் பெருமூச்சு விட்டார். "ஸ்கேனர்ல வர்ற வெளிச்சமும் சிவப்புதான் மேடம். சிவப்புக் கோடும் அதுக்கு வெள்ளையாத்தான் தெரியும். பெட்டி மேல ஒட்டினது கறுப்பு லேபிள், அதைப் படிச்சிருச்சு. அதனால சரக்கு உள்ள வந்தப்ப யாரும் கவனிக்கல. ஆனா உள்ள இருந்த பொட்டலம் ஒண்ணுகூட கவுண்டர்ல ஸ்கேன் ஆகல."

"அலமாக்! அப்ப... ஒண்ணுமே விக்கலையா?"

"அதான் எனக்கும் மொதல்ல புரியல. நல்லா வித்திருக்கு."

"எப்படி சார்?"

"ஸ்கேன் ஆகாத சாமான ஓரமா வெச்சுட்டு, வேற எடுக்கச் சொல்றதுதான் வழக்கம். மத்த கவுண்டர்ல எல்லாம் அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ஒரே ஒரு பொண்ணு மட்டும் கோட்டுக்கு அடியில இருக்கிற நம்பரை ஒவ்வொண்ணா கையால தட்டி, உங்க பேர்ல ஏத்தியிருக்கு. உங்க விற்பனை மொத்தமும் மூணாம் கவுண்டர்தான்."

பிரேமலா நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"தூளை வெச்சுக்கிறோம் மேடம். லேபிளை மட்டும் கறுப்புல அடிச்சுக் கொடுங்க. இருங்க, அந்தப் பொண்ணை மேல வரச் சொல்றேன்." தொலைபேசியை எடுத்துப் பேசியவர், முகம் மாறி வைத்தார். "பாவம், அவளை ஸ்டோருக்கு மாத்தப் போறாங்களாம். ரொம்ப மெதுவா செய்றான்னு யாரோ ஒரு கஸ்டமர் இப்பதான் புகார் சொன்னாங்களாம்."

"யாரோ இல்ல. நான்தான்."

மதிவாணன் அவளையே பார்த்தார்.

"என்னை என்ன பார்க்குறீங்க? மறுபடி போனைப் போடுங்க சார்! புகார் சொன்ன அம்மாவுக்கு வாய் நீளம், புத்தி கட்டைன்னு சொல்லுங்க. பரவாயில்ல. அந்தப் பொண்ணு நிக்கிற இடத்தைவிட்டு நகரக் கூடாது."

அவர் பேசி முடித்து, "சரின்னுட்டாங்க" என்று சொல்லும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

கீழே, கூட்டம் குறைந்திருந்தது. அவளைக் கண்டதும் சமந்தா பதறிப்போனாள்.

"சாரி ஆன்ட்டி. இனிமே வேகமா செய்றேன்."

கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் பிரம்பை வைத்துச் சொல்லிக்கொடுத்த 'தேங்க் யூ' பிரேமலாவுக்கு வரவில்லை. யாரையும் இரண்டே வார்த்தையில் உட்கார வைக்கிற வாய், அந்த இரண்டு வார்த்தைக்குத் திணறியது.

"அந்த மீன் கறித்தூள்... எதுக்கும்மா அவ்வளவு நம்பரையும் கையால தட்டுற? ஓரமா வெச்சுட்டுப் போக வேண்டியதுதானே?"

"அப்படி வெச்சா விக்கலன்னு திருப்பி அனுப்பிருவாங்க ஆன்ட்டி. சூப்பர்வைசர்கிட்ட சொன்னாலும் அன்னைக்கே எடுத்துருவாங்க. பாவம் இல்லையா?" சமந்தா குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்லயும் அதான் வாங்குறோம். மிளகாய்க் காம்பு ஒண்ணுகூட இருக்காது, ஒரு தடவகூட கருகின வாசம் வந்ததில்ல."

"யார் செய்றாங்கன்னு தெரியுமா?"

"தெரியாது ஆன்ட்டி. ஆனா பார்த்தாலே புரியுது, ரொம்பப் பொறுமையான மனுஷி."