கடைசிக் கட்டம்

"எடுத்துடு."

"முடியாது மேடம்."

"நான் இன்னும் சொல்லியே முடிக்கலை..."

"நீங்க என்ன சொன்னாலும் அதை மட்டும்..."

"குறுக்கே பேசாதே!" பேராசிரியை, நாற்பது பேர் நிரப்பிக் கொடுத்த ஆய்வுப் படிவங்களையும் மேஜையில் தட்டி அடுக்கினார். ஒன்றை மட்டும் உருவி மாணவியின் முன்னால் போட்டார்.

எம்.எஸ்ஸி. உளவியல், கடைசி ஆண்டு. இளைஞர்களின் மனச்சோர்வு பற்றிய அவளுடைய ஆய்வேட்டை ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். இப்போதே மூன்றேகால்.

"பாரு. இருபது கேள்வி. தூக்கம் வரலியா, எதுலயும் பிடிப்பில்லையான்னு. மனுஷன்னா ஒண்ணுக்கு 'இல்லை'ன்னு போடுவான், ஒண்ணுக்கு 'எப்போதாவது'ன்னு போடுவான். இந்தத் துரை இருபதுக்கும் கடைசிக் கட்டத்துலயே, 'எப்போதும்'னு டிக் அடிச்சிருக்கார். கேள்வியைப் படிச்சிருக்கவே மாட்டான். விளையாட்டு!"

"இருந்துட்டுப் போகட்டும் மேடம்."

"எப்படி இருக்கும்? இவன் ஒருத்தனால சராசரியே தாறுமாறாப் போகுது. வைவாவுல கேள்வி கேக்க வர்றவர் முதல்ல இதைத்தான் பிடிப்பார். முப்பத்தொன்பது போதும், நான் கையெழுத்துப் போடறேன்."

அவள் படிவத்தின் மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"உன் வகுப்புல பத்தொன்பது பேரு. கையில வேலையோட நிக்கறது நீ ஒருத்திதான். போன வருஷம் முதல் மார்க் வாங்கினவ கால் சென்டர்ல உக்காந்து ஊர்ப்பட்ட திட்டு வாங்கறா. உனக்கு ஆஸ்பத்திரியில கவுன்சிலர் வேலை. டிகிரி இல்லாம அந்த நாற்காலியில உக்கார விடுவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் என்ன பிடிவாதம்? நடுவுல மூணு வாரம் காலேஜ் பக்கமே வரலை. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா?"

"கேக்கலை மேடம்."

பேராசிரியையின் குரல் கொஞ்சம் இறங்கியது. "சரி, ஒண்ணு செய். அவனையே கூப்பிட்டு இன்னொரு தடவை ஒழுங்கா நிரப்பச் சொல்லு. தெரிஞ்சவன்தானே?"

"தெரிஞ்சவன்தான். வர மாட்டான்."

"வர மாட்டானாம்! அவ்வளவு பெரிய ஆளா?" என்றபடி படிவத்தைத் தன் பக்கம் இழுத்தவர், ஓரத்தில் பென்சிலில் ஏதோ இருப்பதைக் கண்டு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். 'லூசு!' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்று.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"அடிப்பாவி! அன்னிக்கே நீயே லூசுன்னு எழுதி வெச்சுட்டு, இப்ப என்கிட்ட மல்லுக்கு நிக்கறியே!" பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். "குறுக்கே ஒரு கோடு. அவ்வளவுதான் வேலை."

பேனா இறங்குவதற்குள் அவள் படிவத்தின் மேல் உள்ளங்கையை விரித்துவிட்டாள். கோடு கையில் விழுந்தது.

"என் தம்பி மேடம்... சாகறதுக்கு ஒன்பது நாள் முன்னாடி எழுதிக் குடுத்தான், நானும் விளையாட்டுன்னுதான் சிரிச்சேன்."