நெறிகட்டி

தானியக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெஞ்சில் படுத்தான். தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது.

காலில் புண் இருந்தால் நெறி கட்டும். டாக்டரம்மா அவன் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

கட்டியை லேசாகத் தொட்டதும் அந்த ஆறடி ஆள் அலறிவிட்டான். உடம்பு அனலாய்க் கொதித்தது.

"கிடங்கில எலி ஏதாவது செத்துக் கிடந்துச்சா?"

"ஏகப்பட்டது. நானும் தம்பியும்தான் வாரிக் கொட்டினோம்."

கட்டியில் ஊசி ஏற்றி ஒரு சொட்டு நீர் எடுத்தாள். சாயம் போட்டு, அறை மூலையிலிருந்த மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தாள்.

குட்டைக் குட்டைக் குச்சிகளாகக் கிருமிகள். இரண்டு முனையிலும் சாயம் அப்பி, நடுவில் வெளுத்து, சட்டையில் குத்துகிற ஊக்கு மாதிரி. படிக்கிற காலத்தில் புத்தகத்தில் பார்த்த படம்.

பிளேக்.

ஊரையே காலி செய்கிற நோய். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில் பெருமை எட்டிப் பார்த்தது. வேறொருவராக இருந்தால் களிம்பு கொடுத்து அனுப்பியிருப்பார்கள். நல்லவேளை, இது கட்டியோடு நிற்கிற வகை. மூச்சில் பரவாது. மருந்துக்கும் கேட்கும்.

"பயப்படாதீங்கம்மா, பொழச்சுக்குவார்," என்றாள் பக்கத்தில் நின்ற அவன் மனைவியிடம். "வீட்டில வேற யாருக்காவது இப்படிக் கட்டி இருக்கா?"

"கட்டியெல்லாம் யாருக்கும் இல்லைங்க. கொழுந்தனாருக்கு இருமல்தான் இருந்துச்சு. முந்தாநாள் உங்ககிட்டதானே கூட்டிட்டு வந்தோம். சளிதான்னு மாத்திரை குடுத்தீங்களே."

டாக்டரம்மாவுக்கு அந்த முகம் ஞாபகம் வந்தது. தொண்டையைப் பார்க்கக் குனிந்தபோது அடக்க முடியாமல் இருமிவிட்டு, அதற்காக மன்னிப்புக் கேட்டவன்.

நுரையீரலில் இறங்குகிற பிளேக்குக்குக் கட்டியே தேவையில்லை. அதுவும் அதே புத்தகத்தில், அடுத்த பக்கத்தில் இருந்தது.

"இப்ப எப்படி இருக்கார்?"

மனைவி கணவனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ரத்தம் ரத்தமா இருமினாரு. விடியறப்ப போயிட்டாருங்க."

டாக்டரம்மா எழுந்தாள். இருவருக்கும் முகக்கவசம் கட்டிவிட்டாள். தானும் ஒன்றை எடுத்தாள்; கட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தாள். கதவை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டாள்.

"சிஸ்டர், யாரையும் உள்ளே விடாதீங்க. சுகாதார அதிகாரிக்கு உடனே போன் போடுங்க. பிளேக்குக்கு உண்டான ஊசி மூணு பேருக்கு வேணும்னு சொல்லுங்க."

கதவுக்கு வெளியே நர்ஸ் போனைக் கையில் எடுத்தாள்.

"உள்ளே ரெண்டு பேர்தானே டாக்டர்?"

உள்ளே, டாக்டரம்மாவின் வாயில் தெர்மாமீட்டர் இருந்தது.